சாமான் பட்டியலுக்கு யாரும் பணம் தருவதில்லை

"தாயானா 37. 1982-இல் கட்டியது. நெடுங்கடல் பயணத்துக்கு முழுத் தயார்." அமெரிக்காவின் கிழக்குக் கரைப் படகுத்துறைகளில் இப்படித் தொடங்கும் விற்பனை விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. கீழே பட்டியல் ஓடும்: ரேடார், ஆட்டோபைலட், காற்றின் போக்குக்குத் தானே சுக்கான் பிடிக்கும் விண்ட்வேன், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், சோலார் பேனல்கள், சிறு காற்றாலை, நெடுந்தூர வானொலி, உயிர்காப்பு மிதவை, கரைக்குப் போய்வர ரப்பர் டிங்கி, அதற்கு ஒரு அவுட்போர்டு மோட்டார், மூன்று நங்கூரம், எட்டுப் பாய். முடிவில் அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்: "கடந்த பத்து ஆண்டுகளில் இவ்வளவு டாலர் செலவழித்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு."

அந்த வரியில்தான் விற்பவர் சறுக்குகிறார். அவர் ரசீதுகளைக் கூட்டிப் படகின் விலையோடு சேர்க்கிறார். வாங்க வருபவர் அதே பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, எதை எப்போது மாற்ற வேண்டிவரும் என்று பார்த்துக் கழிக்கிறார். ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, பேரம் படியாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் படகுகள் உண்டு. மனையை விற்காமல் வைத்திருந்தால் விலை ஏறலாம். உப்புத் தண்ணீரில் நிற்கும் நாற்பது வயதுப் படகுக்கு ஏறாது.

தாயானாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இது மோசமான படகல்ல. ராபர்ட் பெரி வரைந்து, தைவானில் தா யாங் பட்டறை 1970-களின் நடுவிலிருந்து கட்டியது. ஏறக்குறைய 600 படகுகள் இறங்கின. முன்னும் பின்னும் கூரிய உடல், அடியில் கவிழாமல் காக்கும் நீளமான கனத்த கீல், உள்ளே இழைத்து இழைத்துச் செய்த தேக்கு வேலை. எடை 10 டன் அளவில் வரும். உலகைச் சுற்றிவந்தவை இதில் பல. இன்றும் பெயருக்கு மதிப்பு உண்டு. பெயருள்ள படகுக்கே இந்தக் கணக்கு என்றால், பெயரில்லாத படகின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் மின்னணுச் சாமான்களைப் பார்த்துவிடலாம். பட்டியலில் அதிக இடம் பிடிப்பவையும் விலையில் முதலில் காணாமல் போகிறவையும் அவைதான். 1980-களில் நெடுங்கடல் படகுக்குப் பெருமை சேர்த்தது டிரான்சிட் செயற்கைக்கோள்களைக் கேட்டு இடம் சொல்லும் "சாட்நாவ்" பெட்டி. அந்தச் சேவை 1996 இறுதியோடு நின்றது. கரையோரம் ஓடுகிறவர்கள் லோரான்-சி கருவியை நம்பினார்கள். 2010 பிப்ரவரி 8 அன்று அமெரிக்கா அதன் ஒலிபரப்பை நிறுத்தியது. ஆபத்தில் சமிக்ஞை அனுப்பும் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதையே விட்டுவிட்டன. கருவி ஒவ்வொன்றும் கெடாமல் இருந்தது. பெட்டியைத் திறந்தால் விளக்கு எரிந்தது. மறுமுனையில் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

இன்றைய பட்டியல்களில் அந்த இடத்தில் இருப்பது சிங்கிள் சைட்பேண்டு எனும் நெடுந்தூர வானொலி. அதோடு மின்னஞ்சல் அனுப்பப் பாக்டர் மோடம் என்று ஒரு பெட்டி. அந்த மோடம் மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல். பாய்மரத்தைத் தாங்கும் பின்பக்க எஃகு வடத்தை அறுத்து இடையில் மின்காப்பான் போட்டு ஆன்டெனா ஆக்க வேண்டும். அடியில் செம்புப் பட்டை விரித்து எர்த் கொடுக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்து முடித்தவருக்கு அதன் அருமை தெரியும். 2022 ஜூலையில் ஸ்டார்லிங்க் தன் கடல்சார் சேவையை அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் நடுக்கடலில் நங்கூரமின்றி மிதக்கும் படகிலிருந்தும் வீடியோவில் பேசும் காலம் வந்துவிட்டது. வானொலிக்கு இன்னும் பயன் உண்டு, அதை விரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் அதற்காக விலையில் இரண்டாயிரம் மூவாயிரம் கூட்டிக் கொடுக்கிறவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ரேடாரும் வரைபடத் திரையும் வேறு வகையில் வயதாகின்றன. திரை ஒரு நிறுவனத்தினுடையது, ரேடார் அதே நிறுவனத்தின் பழைய தலைமுறை, ஆட்டோபைலட் வேறு மொழி பேசும். ஒன்று போனால் அதற்குப் பொருந்தும் உதிரி கிடைக்காமல் மூன்றையும் மாற்ற வேண்டிவரும். வாங்குகிறவருக்கு இது தெரியும். பத்து வயதான திரையை அவர் சாமானாகப் பார்ப்பதில்லை, கழற்றி எறியும் கூலியாகப் பார்க்கிறார்.

தேதி அச்சிட்ட சாமான்கள் இன்னொரு ரகம். அமெரிக்காவில் ஆபத்துக்கால ஒளிவாணங்களின் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 42 மாதம். உயிர்காப்பு மிதவையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கீகரித்த நிலையத்தில் பிரித்துச் சோதித்து மடிக்க வேண்டும். தவறவிட்ட மிதவை, பட்டியலில் "உண்டு", கடலில் "தெரியாது". பாய்களை எண்ணிக்கையில் சொல்லி ஆவதில்லை. வெயிலில் தையல் இற்றுப்போன ஐந்து பாயைவிட இரண்டு வயதான ஒரே மெயின் பாய் மேல். பேட்டரியும் அப்படியே. உரிமையாளர் தானே வாங்கித் தானே இணைத்த லித்தியம் பேட்டரித் தொகுதி என்றால் நிலைமை இன்னும் சிக்கல். அமெரிக்கப் படகு நியமக் குழுவான ஏ.பி.ஒய்.சி., லித்தியத்துக்கென்று ஈ-13 என்ற தர நியமத்தை 2022-இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள். பல ஆயிரம் டாலர் போட்ட சாமானே படகைக் காப்பீடு செய்யத் தடையாக நிற்கும் விந்தையும் நடக்கிறது.

எல்லாமே வீண் என்று சொல்லவரவில்லை. நல்ல விண்ட்வேன் நாற்பது ஆண்டு பழையதானாலும் விலைபோகும். அதில் மின்சாரமே இல்லை, பல்சக்கரமும் கயிறும்தான். நங்கூரம், சங்கிலி, அதை இழுக்கும் விண்ட்லாஸ் ஆகியவற்றை வாங்குகிறவர் கவனித்துப் பார்ப்பார். பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களை அண்மையில் மாற்றி, யார் மாற்றினார், எந்தத் தேதி என்று ரசீது இருந்தால் அந்த ஒரு தாள் மொத்த மின்னணுப் பட்டியலையும்விடக் கனமானது. அதற்குக்கூட போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. படகு விற்கும், அதுதான் லாபம்.

பேரம் உண்மையில் முடிவாவது சர்வே நாளில். அமெரிக்க நடைமுறையில் வாங்குகிறவர் விலை பேசி, வழக்கமாகப் பத்து சதவீதம் முன்பணம் கட்டி, "சர்வேயும் கடலோட்டமும் திருப்தியாக இருந்தால்" என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் போடுவார். படகைக் கிரேன் தூக்கிக் கரையேற்றும். சர்வேயர் கையில் விலையுயர்ந்த கருவி ஏதும் இருக்காது. ஒரு சிறு பிளாஸ்டிக் சுத்தியல், ஈரமானி, டார்ச், வளைந்த கைப்பிடியில் ஒரு கண்ணாடி. மேல்தளத்தில் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போவார். டக், டக், டக் என்று இறுகிய சத்தம் வரும்வரை உரிமையாளர் முகத்தில் கவலை இருக்காது. பாய்மரத்தின் அடியை நெருங்கும்போது சத்தம் பொத் என்று மாறும். அவர் நின்று, சுற்றிலும் தட்டி, மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் பரப்புக்குத்தான் அன்றைக்கு விலை குறையும்.

பொத் என்ற சத்தத்துக்குக் காரணம் எளிது. அந்தக் காலத் தளங்கள் பலவும் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துச் செய்தவை. எடை குறைவு, விறைப்பு அதிகம், எங்கும் ஓட்டை இல்லாதவரை. தைவான் படகுகளில் அழகுக்காக மேலே தேக்குப் பலகை பதித்தார்கள். பதிக்கப் பசையோடு நூற்றுக்கணக்கான திருகாணிகளும் போட்டார்கள். ஒவ்வொரு திருகாணியும் மேல்தகட்டைத் துளைத்து நடுமரத்தில் முடிகிறது. நாற்பது ஆண்டு மழைக்கும் கடல்நீருக்கும் அத்தனை வாசல்கள். நடுமரம் ஊறி அழுகும். தேக்கைப் பெயர்த்து, மரத்தை மாற்றி, மறுபடி மூடுவது கூலி வேலை. கூலிக்குத்தான் அமெரிக்காவில் விலை. பட்டறை எழுதித் தரும் மதிப்பீடு பல பத்தாயிரம் டாலருக்குப் போகும். படகின் விலையைத் தொடுவதும் உண்டு.

அடுத்தது செயின்பிளேட். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் வடங்களைப் படகின் உடலோடு இணைக்கும் எஃகுப் பட்டைகள். துருப்பிடிக்காத எஃகு என்று நம்மை ஏமாற்றும் பெயர் அதற்கு. அந்த எஃகைக் காப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனால் மேலே படியும் மெல்லிய படலம். தளத்துக்குள் நுழைந்து மறையும் இரண்டங்குல இடத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. அங்கே படலம் குலைந்து உள்ளுக்குள் அரிக்கும். வெளியே தெரியும் பகுதி கண்ணாடியாய் மின்னும். கழற்றினால்தான் தெரியும், கழற்ற வேண்டுமானால் அழகழகான தேக்கு அலமாரிகளைப் பிரிக்க வேண்டும். வடங்களுக்கும் இதே கதைதான். பத்து முதல் பதினைந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பதிலைக் காப்பீட்டுக்காரர் ஏற்பதில்லை.

எஞ்சின் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அந்தக் காலப் படகுகளில் பெர்கின்ஸ் 4-108 பரவலாக இருந்தது. உழைப்பாளி, எண்ணெய் ஒழுகும் பழக்கமும் உண்டு. புதிய எஞ்சின் வாங்கிப் பொருத்தினால் இருபதாயிரம் டாலரை எளிதாகத் தாண்டும் என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொண்டே வருவார். தைவான் படகுகளில் கரும் இரும்பு டீசல் தொட்டி உள்ளவற்றை அவர் தனியாகக் கேட்பார். உள்ளிருந்து அரித்த தொட்டியை வெளியே எடுக்க, சில படகுகளில் உள்கட்டமைப்பை அறுக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஃபைபர் உடல் மட்டும் நீண்ட ஆயுளோடு நிற்பதுதான் இந்தச் சந்தையின் சிக்கல். 1991 அக்டோபர் இறுதியில் அட்லாண்டிக்கில் எழுந்த பெரும்புயலில் சட்டோரி என்ற வெஸ்ட்செயில் 32 சிக்கியது. அதிலிருந்த மூவரையும் கடலோரக் காவல்படை மீட்டது. ஆளில்லாமல் விட்ட படகு மூழ்கவில்லை. பின்னர் மேரிலாந்துக் கரைப்பக்கம் அசடீக் தீவு மணலில் பெரிய சேதமின்றி ஒதுங்கிக் கிடந்தது. கனத்த உடல் சாவதில்லை, அதனால் படகு சந்தையை விட்டுப் போவதும் இல்லை. 1970-களில் கட்டியதும் 1980-களில் கட்டியதும் இன்னும் மிதந்துகொண்டு ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன.

எல்லா உடலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே பெரி வரைந்த வேலியன்ட் 40 நெடுங்கடல் படகுகளில் பெரும்பேர் பெற்றது. 1976 முதல் 1981 வரை கட்டியவற்றில் தீ பரவாத பிசினைப் பயன்படுத்தியதால் உடலெங்கும் கொப்புளம் கண்டது. அந்த ஆண்டுப் படகு என்றாலே விலை வேறு. எவ்வளவு சாமான் ஏற்றினாலும் அந்த விலையைத் தாண்டாது.

சாமானுக்கும் கட்டமைப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு விபத்து அறிக்கை அளவுக்கு வேறெதுவும் காட்டவில்லை. 2014 மே மாதம் சீக்கி ரஃபிகி என்ற 40 அடிப் பாய்மரப் படகு, ஆன்டிகுவாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பும் வழியில் நடு அட்லாண்டிக்கில் கவிழ்ந்தது. நால்வர் இறந்தனர். அது பழைய படகுகூட அல்ல, 2006-இல் கட்டியது. அமெரிக்கக் கடற்படை கண்டுபிடித்தபோது கவிழ்ந்த உடலில் கீல் இல்லை. உயிர்காப்பு மிதவை அதன் இடத்தில் அப்படியே கட்டியிருந்தது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கை, முன்பு தரைதட்டிய நிகழ்வுகளும் அதன்பின் நடந்த பழுதுபார்ப்பும் கீலைத் தாங்கும் உள்கட்டமைப்பை வெளியே தெரியாமல் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது. அதற்குப் பிறகு "தரைதட்டியதுண்டா?" என்று வாங்குகிறவர் கேட்டால் அது வெறும் பேச்சல்ல. விற்பவர் மறைத்தால் "உள்ளது உள்ளபடி விற்கிறேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது காப்பாற்றாது. தெரிந்தே பொய் சொன்னதற்கு அந்த வாசகம் கவசமாவதில்லை. தரைதட்டியிருந்தால் என்று, எங்கே, யார் பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. எழுதிக் கொடுத்தவரின் படகை நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

காப்பீடு இன்று விலையைத் தீர்மானிக்கும் ஆளாகவே ஆகிவிட்டது. 2017-இல் இர்மா, மரியா, 2019-இல் டோரியன் என்று அடுத்தடுத்து வந்த புயல்களில் கரீபியனிலும் ஃபுளோரிடாவிலும் படகுகள் குவியலாக அழிந்தன. அதன்பின் காப்பீட்டு நிறுவனங்கள் பழைய படகு என்றால் புதிய சர்வே கேட்கின்றன, வடங்களின் வயதைக் கேட்கின்றன, ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பகுதிக்கு வெளியே நிற்குமா என்று கேட்கின்றன, முன்பின் பெரிய படகு ஓட்டாதவர் என்றால் கைவிரிக்கின்றன. காப்பீடு இல்லாத படகுக்குப் பல துறைகள் இடம் தருவதில்லை. அதனால் பணத்தோடு வந்தவர், படகு பிடித்தவர், சர்வேயும் திருப்தி என்பவர் காப்பீட்டுக் கட்டத்தில் விலகிப்போகிறார். விற்பவர் இதை முன்கூட்டியே பார்த்துவைக்கலாம். தன் செலவில் ஒரு சர்வே எடுத்து, அதில் வந்த பாதுகாப்புக் குறைகளைத் தீர்த்துவிட்டுச் சந்தைக்கு வந்தால் வாதாட வேண்டிய இடங்கள் குறையும். புதிய ரேடார் வாங்கும் பணத்தில் இதைச் செய்துவிடலாம்.

காத்திருப்பின் விலையை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஒருவர் 85,000 டாலர் கேட்கிறார். முதல் மாதமே ஒருவர் 65,000 தருகிறேன் என்கிறார். "ரசீதே அதற்கு மேல் இருக்கிறது" என்று விற்பவர் மறுத்துவிடுகிறார். துறை வாடகை மாதம் 700, காப்பீடு ஆண்டுக்கு 1,800, ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றி அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க 1,800 என்று வைத்துக்கொண்டால் வருடம் 12,000 போகிறது. இரண்டு வருடம் கழித்து 55,000-க்கு விற்றால் கையில் நிற்பது 31,000. மறுத்த பேரத்துக்கும் இதற்கும் 34,000 டாலர் வித்தியாசம். தரகர் கமிஷனை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன், அது வழக்கமாகப் பத்து சதவீதம். இந்த இரண்டு வருடத்தில் படகு ஓடவில்லை என்றால் கணக்கில் வராத இழப்பும் சேரும். பாய்கள் பூஞ்சை பிடிக்கும். எஞ்சினின் கடல்நீர்ப் பம்பில் உள்ள ரப்பர் சிறகுகள் ஒட்டிக்கொள்ளும். உள்ளே டீசலும் பூஞ்சணமும் கலந்த ஒரு வாடை குடியேறும். கதவைத் திறந்ததும் அந்த வாடை அடித்தால் மேலே சொன்ன பட்டியலை யாரும் படிப்பதில்லை.

கேட்கும் விலைகளைப் பார்த்துத் தன் விலையை வைப்பது இன்னொரு பள்ளம். விளம்பரத்தில் நிற்பவை எல்லாம் இன்னும் விற்காத படகுகளின் விலைகள். உண்மையில் எவ்வளவுக்கு விற்றது என்ற தகவல் தரகர்களின் தரவுத்தளத்தில் இருக்கிறது. தரகரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்: இதே வகை, இதே வயது, கடந்த இரண்டு ஆண்டில் கைமாறியது என்ன விலைக்கு? 2020-லும் 2021-லும் கொரோனா முடக்கத்தில் ஆளாளுக்குப் படகு தேடிய காலத்தில் விலை எகிறியது. அந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னும் காத்திருப்பவர்களும் உண்டு.

காகிதங்களுக்கு வருவோம். நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் பதிவான படகுக்கு மேற்கு வர்ஜீனியாவில் உள்ள தேசியப் படகு ஆவண மையத்திலிருந்து அப்படி ஒரு சான்று வாங்கலாம். யார் யாரிடமிருந்து வாங்கினார்கள், அடமானம் உண்டா என்று அதில் தெரியும். ஆனால் கடல் சட்டத்தில் வில்லங்கம் படகோடு ஒட்டிக்கொண்டு போகும். பழுதுபார்த்த பட்டறைக்கோ சாமான் கொடுத்தவருக்கோ பாக்கி இருந்தால், அதை எங்கும் பதியாமலே படகின் மேல் அவருக்கு உரிமை உண்டு. விவரம் தெரியாமல் வாங்கியவரிடமிருந்தும் படகை நீதிமன்றத்தின் மூலம் பிடிக்கலாம். நீதிமன்றமே நடத்தும் ஏலத்தில்தான் அந்த உரிமைகள் துடைக்கப்படும். ஆகவே விற்பவர் பட்டறை, துறை, பாய் தைப்பவர் எல்லோரிடமும் "பாக்கி இல்லை" என்று எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால், பட்டியலில் இருக்கும் குடிநீர் இயந்திரத்தைவிட அது விலைக்கு உதவும்.

படகு நிற்கும் இடமும் காகிதத்தில் சேர்த்தி. அமெரிக்கக் கொடியோடு மத்தியதரைக் கடலுக்குப் போய், அங்கேயே அலுத்து, ஸ்பெயினிலோ கிரீஸிலோ விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வெளிநாட்டவர் படகு அங்கே வரி கட்டாமல் நிற்பது 18 மாதத் தற்காலிக அனுமதியில். ஐரோப்பியர் ஒருவருக்கு விற்று அவர் அங்கேயே ஓட்ட வேண்டுமானால் மதிப்புக்கூட்டு வரி உண்டு: ஸ்பெயினில் 21 சதவீதம், கிரீஸில் 24. அதோடு 1998 ஜூன் முதல் கட்டாயமான சி.இ. தர முத்திரை இல்லாத படகு என்றால் தனியாகச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். நாற்பது வயதுப் படகில் அந்தச் சோதனை தேறுமா என்பதே கேள்வி. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் படகுகளுக்கும் இந்தத் தலைவலி வந்தது. 2020 இறுதியில் படகு எந்தக் கரையில் நின்றது என்பதற்கு ரசீது தேடி அலைந்தவர்கள் பலர்.

பணம் வாங்கும் கட்டத்தில் ஒரு பழைய மோசடி இன்னும் ஓடுகிறது. வாங்க வருவதாகச் சொல்பவர் படகைப் பார்க்காமலே சம்மதம் சொல்வார். கேட்ட விலைக்கு மேல் வங்கிக் காசோலை அனுப்புவார். மிச்சத்தைப் படகை ஏற்றிப்போக வரும் லாரிக்காரருக்கு அனுப்பிவிடச் சொல்வார். அமெரிக்க வங்கி ஓரிரு நாளில் கணக்கில் பணத்தைக் காட்டிவிடும், அப்படிக் காட்ட வேண்டும் என்பது விதி. காசோலை போலி என்று திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் அனுப்பிய பணம் போயிருக்கும். கணக்கில் பணம் தெரிவதும் காசோலை தேறுவதும் வேறு வேறு. தரகரின் நிறுத்திவைப்புக் கணக்கிலோ நேரடி வங்கிப் பரிமாற்றத்திலோ வந்து சேரும்வரை சாவியைக் கொடுக்கக் கூடாது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்போம். ஃபைபர் படகு இறந்தால் உரிமையாளர்தான் பொன் கொடுக்க வேண்டும். அறுத்துக் குப்பைக்கிடங்குக்கு ஏற்றக் கூலி, கிடங்குக் கட்டணம், உள்ளிருக்கும் டீசலையும் எண்ணெயையும் தனியாக அப்புறப்படுத்தும் செலவு. ஃபைபரை உருக்கி விற்க முடியாது. அதனால் கடைசியில், பார்த்துக்கொள்வார் என்று யாரோ ஒரு இளைஞரிடம் ஒரு டாலருக்குக் கொடுத்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. வாங்கியவரிடம் துறை வாடகைக்குக் காசு இல்லை. படகு எங்கோ ஒரு சிற்றாற்றில் நங்கூரத்தில் கிடக்கும். ஒரு புயலில் அறுந்து, சதுப்பில் சாய்ந்து மூழ்கும். அதிகாரிகள் பதிவேட்டைத் திறப்பார்கள். பெயர் மாற்றாத பதிவேட்டில் இருப்பது பழைய உரிமையாளர் பெயர். ஃபுளோரிடாவில் கைவிடப்பட்ட சிதைந்த படகைத் தண்ணீரில் விட்டுவைப்பதே குற்ற வழக்காகும். வாஷிங்டன் மாநிலம் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. 65 அடிக்கு மேல் நீளமும் 40 ஆண்டுக்கு மேல் வயதும் உள்ள படகை விற்குமுன் சோதனை செய்ய வேண்டும், வாங்குபவரிடம் காப்பீடு இருக்க வேண்டும். செய்யாமல் விற்றால், பின்னால் அகற்றும் செலவில் விற்றவருக்கும் பொறுப்பு உண்டு. 37 அடிப் படகுக்கு அந்தச் சட்டம் இன்று பொருந்தாது.

ஆகவே விலைபோகாது என்று உறுதியாகிவிட்ட படகை இலவசமாகத் தள்ளிவிடுவதைவிட அரசிடம் ஒப்படைப்பது மேல். ஃபுளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும், சிதைந்து போகுமுன் படகை ஒப்படைக்கும் திட்டங்கள் உள்ளன. பிரான்ஸ் 2019 முதல் பொழுதுபோக்குப் படகுகளை இலவசமாகப் பிரித்தெடுக்கிறது. கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு மட்டும் உரிமையாளருடையது. அப்படி ஒப்படைக்குமுன் விண்ட்வேன், பாய்க்கயிறு இழுக்கும் விஞ்சுகள், நங்கூரங்கள், நல்ல பாய்கள் ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியாக விற்றுவிடலாம். பட்டியலுக்கு உண்மையிலேயே காசு கிடைக்கும் ஒரே வேளை அதுதான் போலிருக்கிறது.

விற்று முடித்த பின்னும் ஒரு வேலை பாக்கி. 406 மெகாஹெர்ட்ஸ் ஆபத்துச் சமிக்ஞைக் கருவி அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவாவிடம் உரிமையாளர் பெயரில் பதிவாகியிருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படகோடு கருவியும் போய்விட்டது, பதிவு மாறவில்லை என்றால், பெர்முடாவுக்குத் தெற்கே யாரோ பொத்தானை அமுக்கும் இரவில் மீட்பு மையம் கூப்பிடுவது பழைய உரிமையாளரின் தொலைபேசியை. படகில் எத்தனை பேர், எங்கே கிளம்பினார்கள், மிதவை உண்டா என்று கேட்பார்கள். அவருக்கு எதுவும் தெரியாது, தேடலில் அந்த நேரம் வீணாகும். கையெழுத்தான அன்றே நோவாவிடம் விற்றுவிட்டதைத் தெரிவித்து, வாங்கியவர் தன் பெயரில் பதிந்துவிட்டாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். வி.எச்.எஃப். வானொலியில் ஏற்றியிருக்கும் எம்.எம்.எஸ்.ஐ. எனும் படகின் அடையாள எண்ணும் அப்படித்தான். பல கருவிகளில் அந்த எண்ணை உரிமையாளரே ஓரிரு முறைக்கு மேல் மாற்ற முடியாது, தயாரித்தவரிடமோ விற்பனையாளரிடமோ அனுப்பித்தான் அழிக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடலாம்.